வறண்ட நிலத்துப் புரோமெலியாடுகளில் பல்லி, பாம்பு, தவளை: செடியைச் சிதைக்காமல் கணக்கெடுக்கும் முறை

புரோமெலியாடு என்றதும் மழைக்காட்டு மரக்கிளையில் தண்ணீர் தேங்கி நிற்கும் செடிதான் பலர் மனதில் வரும். அன்னாசியும் அதே குடும்பம்தான். ஆனால் இந்தக் குடும்பத்தின் கடினமான உறுப்பினர்கள் பிரேசிலின் வறண்ட நிலங்களில் இருக்கின்றன: வடகிழக்கின் காட்டிங்கா முட்புதர்க்காடு, அதற்குள் எழும் மொட்டைப் பாறைக் குன்றுகள், அட்லாண்டிக் கரையோரத்து ரெஸ்டிங்கா மணல்வெளி, மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் பாறை மேட்டுப் புல்வெளி. ஊர்வனவும் தவளைகளும் வெயிலுக்கு ஒதுங்க இங்கே இந்தச் செடிகளை விட்டால் இடம் குறைவு. ஆகவே கணக்கெடுப்பு செடியைப் பிடுங்கியோ, பிளந்தோ, தண்ணீரைக் கவிழ்த்தோ நடந்தால், எண்ண வந்த உயிர்களின் வீட்டைத்தான் இடித்துவிட்டுப் போகிறோம்.

எந்த வகைச் செடி என்று முதலில் பாருங்கள்

வேலைமுறை முழுவதும் ஒரே கேள்வியில் பிரிகிறது: செடி தண்ணீர் தேக்குகிறதா, இல்லையா?

காட்டிங்காப் பாறைகளில் அடர்ந்து படரும் என்கோலிரியம் ஸ்பெக்டாபிலே தண்ணீர் தேக்காது. ஊர்க்காரர்கள் மக்கம்பிரா என்று சொல்லும் செடிகளில் இதுவும் ஒன்று. ஓரமெல்லாம் முள், அடியில் பல ஆண்டுக் காய்ந்த இலைகளின் அடுக்கு, நடுவே இருட்டு. நூற்றுக்கணக்கான இலைச்சுற்றுகள் சேர்ந்து ஒரே தூறாகப் பாறை மேல் கிடக்கும். புதர்க்காட்டின் நிழலில் வளரும் புரோமீலியா லாசினியோசாவும் மக்கம்பிராதான். அது தரையில் வரிசையாக ஓடும். நாருக்குப் பெயர்போன நியோகிளாசியோவியா வேரியகாட்டா, அதாவது கரோவா, நாலைந்து நிமிர்ந்த இலைகளோடு நிற்பதால் ஒளிவிடமாக அவ்வளவு பயன்படாது. நேரம் குறைவென்றால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

மறுபக்கம் கிண்ண வகை. ரெஸ்டிங்காவில் ஏக்மியா நூடிகாலிஸ், நியோரெஜீலியா குருவென்டா. தென்கிழக்கின் மொட்டைக் குன்றுகளில் ஆல்கன்டாரியாவின் பெரிய இனங்கள். இவற்றின் நடுக்கிண்ணத்திலும் இலைக்கக்கங்களிலும், அதாவது இலையின் அடிப்பாகம் செடியோடு சேரும் மடிப்புகளிலும், தண்ணீர் நிற்கும். ரெஸ்டிங்காவில் மழைக்குப் பஞ்சமில்லை; ஆனால் மணல் ஒரு சொட்டையும் பிடித்து வைப்பதில்லை. மழை நின்ற சில நாளில் செடிக்குள் இருப்பது மட்டுமே தண்ணீர் என்றாகிவிடும்.

தூறு வகை தருவது நிழலும் முள்வேலியும். கிண்ண வகை தருவது ஈரமும் முட்டையிடும் இடமும். தூற்றில் அதிகம் காணப்படுபவை ஊர்வன: ஃபில்லோபெசஸ் பெரியோசஸ், ஃபில்லோபெசஸ் பொல்லிகாரிஸ் ஆகிய இரவுப் பல்லிகள், பாறையோடு பாறையாகத் தட்டையாக ஒட்டிக் கிடக்கும் ட்ரோபிடுரஸ் செமிடேனியாட்டஸ் என்ற ஓணான், மக்கம்பிராவை நம்பியே வாழும் சைக்கோசௌரா அக்மோஸ்டிகா என்ற அரணை, அவற்றைத் தேடி வரும் பாம்புகள். கிண்ணத்தில் தவளைகள்: வாழ்நாள் முழுவதையும் புரோமெலியாடுக்குள்ளேயே கழிக்கும் ஃபில்லோடைட்டஸ் லூட்டியோலஸ், பகலில் உள்ளே ஒதுங்கும் நிக்டிமான்டிஸ் புருனோய் (2021 வரை அபராஸ்பெனோடான் புருனோய்), பழம் தின்னும் தவளை என்று பெயரெடுத்த சீனோஹைலா ட்ரன்காட்டா. மினாஸ் ஜெராய்ஸின் பிக்கோ டோ இட்டம்பே மலையுச்சியில் 2013-ல் விவரிக்கப்பட்ட கிராஸோடாக்டிலோடஸ் இட்டம்பே என்ற சிறு தவளை வ்ரீசியா மெடூசா என்ற ஒரே புரோமெலியாடை நம்பி இருக்கிறது. ஒரு மலை, ஒரு செடி, ஒரு தவளை. அங்கே கிழிக்கும் ஒவ்வொரு இலைக்கும் கணக்கு உண்டு.

குறிப்பேட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் மூன்றில் ஒரு நிலையைக் குறியுங்கள்: செடிக்குள்ளேயே முட்டையிட்டு வளர்வது, ஒதுங்க மட்டும் வருவது, தற்செயலாக மேலே இருந்தது. இதைக் களத்திலேயே எழுதாவிட்டால், இலை நுனியில் வெயில் காய்ந்த ஓணானும் கக்கத்துக்குள் தலைப்பிரட்டையோடு இருந்த தவளையும் அட்டவணையில் ஒரே எடை பெற்றுவிடும்.

அனுமதி

பிடிப்பது, அடையாளமிடுவது, மாதிரி எடுப்பது எதுவானாலும் பிரேசில் அரசின் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமான ஐ.சி.எம்.பயோவின் சிஸ்பயோ என்ற இணைய அனுமதி அமைப்பு வழியே அனுமதி வாங்க வேண்டும். கூட்டாட்சிப் பாதுகாப்புப் பகுதிக்குள் ஆய்வு என்றால் பார்வையிடுவதற்கே அந்த அனுமதி தேவை. மாநிலப் பூங்காக்களுக்கு மாநில அமைப்பின் அனுமதி தனி. முதுகெலும்பிகளைக் கையாளும் திட்டம் 2008-ன் 11,794-ஆம் எண் சட்டப்படி நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிலும் ஒப்புதல் பெற வேண்டும். தனியார் நிலத்தில் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம். அனுமதித் தாளின் நகல் களத்தில் கையிலேயே இருக்கட்டும். தவளையை டப்பாவில் வைத்துக்கொண்டு அதிகாரியிடம் விளக்கம் சொல்வது நல்ல நிலைமை அல்ல.

காலமும் நேரமும்

காட்டிங்காவின் பெரும்பகுதியில் மழை ஆண்டின் தொடக்க மாதங்களில் சில மட்டும். மீதி நாள் வறட்சி. வறட்சியில்தான் புரோமெலியாடின் மதிப்பு தெரியும், ஆனால் அப்போதுதான் நம் தொந்தரவும் அதிகம் சுடும். ஆகவே இரண்டு பருவத்திலும் ஒரே செடிகளைப் பாருங்கள்; வறட்சியில் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்துங்கள். கிண்ணத்துத் தண்ணீரை உறிஞ்சும் வேலை மழைப்பருவத்துக்கு மட்டும்.

பகல் சுற்றைக் காலை 7 முதல் 10 வரை வைத்துக்கொண்டால் அரணையும் ட்ரோபிடுரஸும் தூற்றின் ஓரத்துக்கு வெயில் காய வரும். 11-க்கு மேல் பாறை சுடத் தொடங்கினால் எல்லாம் உள்ளே போய்விடும். 'இல்லை' என்று எழுதியவை பாதி அந்த நேரத்து வருகையின் விளைவு. இரவுச் சுற்று இருட்டிய அரை மணிக்குப் பிறகு. வடகிழக்கில் மாலை 5.30-ஐ ஒட்டியே பொழுது சாய்ந்துவிடும், அதனால் 6.30 முதல் 10 வரை நல்ல நேரம். முழுநிலவு, பலத்த காற்று, கொட்டும் மழை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தூறல் விட்ட இரவு தவளைக்கு நல்ல நேரம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஒளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஹெட்லாம்ப், உபரி பேட்டரியோடு. கிட்டத்தில் 2 மீட்டர் வரை தெளிவு தரும் 8 மடங்கு பைனாகுலர். 5.5 மி.மீ. விட்டமுள்ள எண்டோஸ்கோப் கேமரா, கைப்பிடி நீண்ட சிறு கண்ணாடி. 1 மீட்டர் நீள உலோகக் கொக்கி, தட்டுவதற்கு ஒரு மரக்குச்சி. 60 மி.லி. சிரிஞ்ச், அதன் முனையில் 8 மி.மீ. உள்விட்டமுள்ள மென்மையான சிலிகான் குழாய், 4 மி.மீ. குழாய் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் தலைப்பிரட்டை சிக்கி நசுங்கும். வெள்ளைத் தட்டு, மூடியுள்ள டப்பாக்கள், அளவுக் குடுவை, வெப்பமானி, பி.எச். மீட்டர், அளவுநாடா, 0.1 மி.மீ. வரை காட்டும் காலிப்பர், சுருள்வில் தராசு. பவுடர் பூசாத நைட்ரைல் கையுறைகள் ஒரு பெட்டி, தடித்த தோல் கையுறை ஒரு ஜோடி. எண் பொறித்த அலுமினியத் தகடுகள். முழங்கால் வரை வரும் கடினமான காலுறைக் கவசம். இது இல்லாதவர் தூற்றுக்கு அருகே வரக்கூடாது.

சன்ஸ்க்ரீனும் கொசு விரட்டியும் பூசிய வெறுங்கையால் தவளையைத் தொட்டால் அதன் தோல் அத்தனையையும் உறிஞ்சும். கையுறையைத் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். ஒரு விலங்குக்கு ஒரு ஜோடி.

தூறு வகை: சுற்றிப் பார்ப்பதுதான் பாதி வேலை

முதலில் தேர்வு. பெரிய, அழகான தூறுகளையே கால் தேடிப் போகும். அதைத் தடுக்க, பாறைமேட்டில் இருக்கும் எல்லாத் தூறுகளுக்கும் ஜிபிஎஸ் புள்ளி போட்டு எண் கொடுத்து, எண்களைக் குலுக்கி எடுங்கள். சிறிய தூறும் பட்டியலில் வர வேண்டும். அளவு கூடக்கூட விலங்கு கூடுகிறதா என்ற கேள்விக்கு விடை சிறியவற்றில்தான் இருக்கிறது. தகட்டை இலையில் குத்தாதீர்கள்; பக்கத்துப் பாறைப் பிளவில் கம்பியால் கட்டுங்கள்.

இரண்டு பேர் வேண்டும். உங்கள் நிழல் தூற்றின் மேல் விழாத பக்கமாக வந்து 4 மீட்டர் தள்ளி நின்று, 5 நிமிடம் அசையாமல் பைனாகுலரில் பாருங்கள். அரணை முதலில் ஓடி ஒளியும். அசைவு நின்றபின் பெரும்பாலும் அதே இலைக்குத் திரும்பி வரும். இந்த 5 நிமிடத்தைச் சோம்பல் என்று வெட்டுபவர்கள்தான் "இங்கே அரணை இல்லை" என்று எழுதுவார்கள். பிறகு ஒருவர் ஒரு பக்கத்து வெளி இலைகளைக் குச்சியால் மெல்லத் தட்ட, மற்றவர் எதிர்ப்பக்கம் நின்று எது எங்கிருந்து வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் ஓடும் வாலைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அதற்குப் பின் 10 நிமிடம் நெருங்கித் தேடுதல். வெளி இலைகளுக்கு இடையே கண்ணாடியும் விளக்கும். உள் இருட்டுக்கு எண்டோஸ்கோப். கேமராவை இலையின் உள்முகத்தை ஒட்டி நகர்த்துங்கள், தடுக்கினால் தள்ளாதீர்கள்: தடுப்பது முள்ளாகவும் இருக்கலாம், சுருண்ட பாம்பாகவும் இருக்கலாம். அடியில் கிடக்கும் காய்ந்த இலைகளைக் கொக்கியால் உங்களை நோக்கித் தூக்குங்கள், அதாவது இலை உங்களுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவே திரையாக நிற்கும்படி. பார்த்தபின் அதே இடத்தில் இறக்குங்கள். காய்ந்த அடுக்கைக் 'குப்பை' என்று வாரி வெளியே போட்டால் தூற்றின் உட்புறம் வெயிலுக்குத் திறந்துகொள்ளும். அடுத்த மாதம் அதே தூறு வெறுமையாக இருப்பதற்கு நீங்கள்தான் காரணம்.

தூற்றின் மேல் ஏறாதீர்கள். பாறை மேல் விரலளவு மண்ணில்தான் பாய்போல் படர்ந்த மொத்தத் தூறும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒருவர் எடையில் ஓரம் உரிந்தால், அடுத்த பெருமழை உள்ளே புகுந்து பாய் முழுவதையும் சரித்துவிடும்.

அளவுகள்: தூற்றின் நீளம், அதற்குக் குறுக்கே அகலம், நடு உயரம். தூற்றை நீள்வட்டமாகக் கொண்டு, பரப்பளவுக்கு நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 0.785-ஆல் பெருக்குங்கள். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தூறு 4.7 சதுர மீட்டர். காய்ந்த இலை ஏறத்தாழ எத்தனை பங்கு, பூத்தண்டு இருக்கிறதா, அடுத்த தூறு எவ்வளவு தொலைவு, பாறைப் பிளவு எவ்வளவு தொலைவு. பூத்தண்டைத் தவற விடாதீர்கள். பூவுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும்.

ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்: "தூறு 14, காலை 8.10, மேகமில்லை, காற்று லேசு. 3.0 × 2.0 × 0.9 மீ. காய்ந்தது மூன்றில் ஒன்று. பூத்தண்டு 2. சைக்கோசௌரா 1, கிழக்கு ஓரம், பச்சை இலையின் அடிப்பாகம், வெயிலில், தட்டுமுன் கண்டது. ஃபில்லோபெசஸ் பொல்லிகாரிஸ் 1, காய்ந்த இலைக்கு அடியில், கொக்கியால் தூக்கியபோது." இலையின் மேலா, உள்ளேயா, அடியிலா என்பதும், தட்டுமுன்னா பின்னா என்பதும் இல்லாத பதிவை ஆறு மாதம் கழித்து எதற்கும் பயன்படுத்த முடியாது.

மிக அதிகம் விட்டுப்போகும் ஒன்று: ஒப்பீடு. ஒவ்வொரு தூற்றுக்கும் இணையாக, அதே பாறைமேட்டில் அதே பரப்பளவுள்ள திறந்த பாறையையும் பிளவையும் அதே 15 நிமிடம் தேட வேண்டும். ட்ரோபிடுரஸ் எங்கும் இருக்கும் ஓணான். புரோமெலியாடில் பத்து கண்டதால் அது புரோமெலியாடை விரும்புகிறது என்றாகாது. பக்கத்துப் பாறையில் முப்பது இருந்திருக்கலாம்.

கிண்ண வகை: தண்ணீரைத் தொடும் முன்

இரவில் தொடங்குங்கள். 3 நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு நின்று கூப்பிடும் ஆண் தவளைகளை எண்ணுங்கள். ஃபில்லோடைட்டஸ் ஆண் இலைக்கக்கத்தில் இருந்தபடியே கத்தும். குரல் வந்த செடியைக் குறித்து வைத்துப் பிறகு போனால் தேடல் பாதியாகும். பதிவுசெய்த குரலை ஒலிபரப்பிப் பதில் வாங்குவது எளிது. ஆனால் மீண்டும் மீண்டும் ஒலித்தால் ஆண் இடம் மாறிவிடும், அதன்பின் எழுதும் இடக்குறிப்பு நீங்கள் உண்டாக்கியது. ஓர் இடத்தில் ஓர் இரவுக்கு ஒரு முறை போதும்.

பிறகு விளக்கை மங்கலாக வைத்துக் கண்ணுயரத்தில் பிடித்து ஒவ்வொரு கக்கமாகப் பாருங்கள். சிலந்திக் கண் ஊசிமுனை போல நீலப்பச்சையாக மின்னும். தவளைக் கண் அதைவிடப் பெரிதாக மங்கி ஒளிரும். நிக்டிமான்டிஸ் புருனோயைத் தேடுகிறீர்கள் என்றால் கண்ணொளியை நம்பாதீர்கள். அது பின்னோக்கி நகர்ந்து கக்கத்துக்குள் இறங்கி, எலும்போடு ஒட்டிய கடினமான தலையால் வாயிலை அடைத்துக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் இலைகளுக்கு நடுவே ஒரு பழுப்புத் தக்கை. சருகு விழுந்து சிக்கியது என்று தோன்றும். ஓரத்தில் உற்றுப் பார்த்தால் மேலுதட்டின் வளைகோடும் மூடிய கண்ணின் புடைப்பும் தெரியும். தவளைக்கு அந்த அடைப்பு எதிரிக்கும் தடுப்பு, ஈரம் வெளியேறாமல் காப்பதற்கும் தடுப்பு. அதைக் கிளப்பி வெளியே எடுக்காதீர்கள். படம் எடுத்துவிட்டு நகருங்கள்.

தண்ணீர் அளவு எடுப்பதற்கு வரிசை முக்கியம். வெப்பநிலையும் பி.எச். அளவும் முதலில், உறிஞ்சும் முன், நடுக்கிண்ணத்தில் ஒன்று, வெளிக்கக்கத்தில் ஒன்று. இந்தத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவாக இருப்பதால் பி.எச். மீட்டரின் எண் நிலைபெறச் சில நிமிடம் ஆகும். முதலில் தெரிந்த எண்ணை எழுதிவிட்டு ஓடினால் எல்லாச் செடியும் தாறுமாறாக வரும்.

அடுத்து சிரிஞ்ச். குழாயை இலைச்சுவரை ஒட்டி இறக்கி மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு கக்கத்தின் தண்ணீரையும் தனி டப்பாவில், வெளியிலிருந்து உள்ளாக 1, 2, 3 என்று எண்ணிட்டு, நிழலில் வையுங்கள். கொஞ்சமாகப் பிரித்த தண்ணீர் வெயிலில் சில நிமிடத்தில் சூடேறும், தலைப்பிரட்டை தாங்காது. வெள்ளைத் தட்டில் ஊற்றி எண்ணி, படம் எடுத்து, அளவுக் குடுவையில் மி.லி. பார்த்து, 10 நிமிடத்துக்குள் எந்தக் கக்கத்தில் எடுத்தீர்களோ அதே கக்கத்தில் திரும்ப ஊற்றுங்கள். அடியில் படிந்த சேற்றையும் சருகையும் சேர்த்துத்தான். தலைப்பிரட்டைக்குத் தீனியும் செடிக்கு உரமும் அதில்தான் இருக்கின்றன. கக்கம் மாறினால் ஒரு கக்கத்தின் முட்டைகள் வேறொரு பெரிய தலைப்பிரட்டையின் வாய்க்கு நேராகப் போய்விடலாம்.

செடியின் முழுக் கொள்ளளவு தெரிய வேண்டும் என்று கொண்டுபோன தண்ணீரை ஊற்றி நிரப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். குழாய்நீரில் குளோரின், வேறு குளத்து நீரில் நோய்க்காளான். எல்லாச் செடியையும் காலி செய்யவும் தேவையில்லை. ஐந்தில் ஒன்றில் உண்மை அளவு எடுத்து, எல்லாவற்றிலும் இலைச்சுற்றின் விட்டம், உயரம், இலை எண்ணிக்கை, நடுக்கிண்ண ஆழம் ஆகியவற்றை அளந்துவிட்டால் மற்றவற்றின் நீரைக் கணித்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கணிப்பு ஓர் இனத்துக்குள் மட்டும். நியோரெஜீலியாவின் கணக்கை ஆல்கன்டாரியாவுக்குப் போட்டால் பொய்யான எண் வரும்.

இலை விலக்கும்போது விரலால் வெளியே இழுக்காதீர்கள். கக்கம் அடியில் கிழிந்தால் வெளியே தெரியாது, ஆனால் அந்தக் கக்கம் இனி ஒருபோதும் தண்ணீர் பிடிக்காது.

கருவிகளைக் கழுவுவது

தவளைகளை உலகெங்கும் கொன்ற கைட்ரிட் காளான் ஈரமான குழாயிலும் காலணியிலும் பயணம் செய்யும். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகுமுன் சேற்றைத் தேய்த்துக் கழுவி, பிறகு 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் குறைந்தது 1 நிமிடம் ஊறவைக்க வேண்டும். பிரேசிலில் வீட்டுக்கு வாங்கும் ப்ளீச் 2 முதல் 2.5% வலிமையில் வருவதால், அதே அளவு தண்ணீர் கலந்தால் சரியாக இருக்கும். திறந்து பல வாரமான பாட்டில் வலிமை இழந்திருக்கும். புதிதாகக் கலந்ததையே பயன்படுத்துங்கள். பிறகு சுத்தமான நீரில் அலசி, முழுக்கக் காயவிட வேண்டும். அலசாமல் விட்டால் சிரிஞ்சில் ஒட்டிய ப்ளீச் அடுத்த செடியின் தலைப்பிரட்டைகளைக் கொல்லும். எண்டோஸ்கோப் முனைக்கு 70% எத்தனால் நல்லது. சேற்றோடு ப்ளீச்சில் முக்குவது பயனில்லை. மண் அதன் வலிமையைத் தின்றுவிடும். ஒரே இடத்துச் செடிக்குச் செடி இதையெல்லாம் செய்ய முடியாதென்றால், குழாய்முனையை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். கழுவிய நீரை மணலிலும் பாறையிலும் கொட்டாமல் பாத்திரத்தில் சேர்த்து எடுத்துவாருங்கள்.

விஷம்: பாம்பு மட்டுமல்ல

காட்டிங்காத் தூறுகளில் போத்ராப்ஸ் எரித்ரோமீலாஸ் என்ற சிறிய குழிவிரியன் காய்ந்த இலையின் நிறத்தில் கிடக்கும். தேளும் உண்டு, பாறைப் பிளவில் தேனீக்கூடும் உண்டு. கை உள்ளே போகக் கூடாது என்ற ஒரே விதி மூன்றுக்கும் பொருந்தும். கிளம்பும் முன் விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனை எது, அங்கே போக எத்தனை மணி நேரம் என்று தெரிந்து தாளில் எழுதி வையுங்கள். எல்லா ஊர் மருத்துவமனையிலும் அது இருக்காது. மருந்தைக் கடையில் வாங்கிக் கையில் கொண்டுபோக முடியாது, அரசு சுகாதார அமைப்பான எஸ்.யு.எஸ். வழியே இலவசமாகத்தான் கிடைக்கும். அவசர ஊர்தி எண் 192. கடிபட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்டவரை நடக்கவிடாமல் கொண்டுசெல்லுங்கள்.

தவளையைப் பற்றிய எச்சரிக்கைதான் பலருக்குப் புதிது. காட்டிங்காவின் கோரித்தோமான்டிஸ் கிரீனிங்கி பாறை இடுக்கிலும் மரப்பொந்திலும் புரோமெலியாடிலும் தலையால் வாயிலடைத்து வாழும் தவளை. அதன் மண்டையோட்டில் எலும்பு முட்கள் இருக்கின்றன. பிடித்தால் தலையை ஆட்டி, அந்த முட்கள் தோல் சுரப்பிகளின் விஷத்தோடு கையில் இறங்கும்படி தேய்க்கும். சாவோ பாவ்லோவின் புட்டான்டன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானி கார்லோஸ் ஜாரட் களத்தில் இதைப் பிடித்தபோது கையில் ஏறிய வலி 5 மணி நேரம் நீடித்தது. 2015-ல் அவரது குழு வெளியிட்ட ஆய்வில், எலிகளில் இந்தத் தவளையின் சுரப்பு போத்ராப்ஸ் விஷத்தைவிட 2 மடங்கும், நிக்டிமான்டிஸ் புருனோயின் சுரப்பு 25 மடங்கும் கொடியது என்று கண்டார்கள். ஆகவே இவ்விரண்டையும் நைட்ரைல் கையுறையால் பிடிக்கக் கூடாது. அளவு எடுத்தே தீர வேண்டுமென்றால் வெளியே உலவும் நேரத்தில் வாயகன்ற டப்பாவைக் கவிழ்த்து, மூடியை அடியில் நுழைத்து எடுங்கள். தோல் கையுறை அணிந்தவர் மட்டும் கையாளட்டும், அதன்பின் கண்ணைத் தொடாமல் கையுறையைக் கழுவட்டும்.

அரணைக்கு வேறு சிக்கல்: வாலைப் பிடித்தால் வால் கையில், அரணை தூற்றில். பகல் சூட்டில் துரத்திப் பிடிப்பதைவிட முதுகு, தலைப்பக்கம் இரண்டையும் படம் எடுப்பது இனம் சொல்லப் போதும். சைக்கோசௌரா குட்டி போடும் இனம். வயிறு பருத்த பெண்ணைப் பிடிக்கவே வேண்டாம்.

வெப்பம் அளப்பது

செடிக்குள் குளிர்ச்சி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எவ்வளவு என்று காட்ட டேட்டா லாகர், அதாவது வெப்பநிலையைத் தானே பதிவுசெய்துகொண்டே இருக்கும் சிறு கருவி வேண்டும். காசளவு ஐபட்டன் டி.எஸ்.1921ஜி 2,048 அளவுகளைச் சேமிக்கும்: மணிக்கு ஒன்று என்றால் 85 நாள், அரை மணிக்கு ஒன்று என்றால் 42 நாள். நாள் தவறிப் போனால், சுழற்சிப் பதிவை (நினைவகம் நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதுவது) அணைத்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்து, பழைய அளவுகள் அழிந்திருக்கும் அல்லது கடைசி நாட்கள் பதிவாகியிருக்காது. ஒரு தூற்றுக்கு நான்கு வையுங்கள்: நடுவே காய்ந்த இலைகளுக்குக் கீழ், ஓர இலையின் அடியில், பக்கத்துப் பாறைப் பிளவில், திறந்த பாறையில். திறந்த இடத்து லாகரின் உலோகம் வெயிலை நேரடியாக வாங்கினால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தன் சூட்டைத்தான் காட்டும். காற்றை அளக்க வேண்டுமானால் வெள்ளைக் காற்றோட்டக் கூடு. பாறைப் பரப்பை அளக்க வேண்டுமானால் பாறையோடு ஒட்டி அதே நிறம் பூசுங்கள். இரண்டையும் குழப்பிய தரவில் உள்ளும் புறமும் உள்ள வேறுபாடு நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வரும். வைக்குமுன் எல்லா லாகர்களையும் ஒரே டப்பாவில் ஓர் இரவு ஓடவிட்டு, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்துத் திருத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வகையின் துல்லியமே 1 டிகிரி கூடக் குறைய.

ஒரு முறை பார்த்து 'இல்லை' என்று எழுதாதீர்கள்

முள்ளும் இருட்டுமான தூற்றில் இருக்கும் விலங்கை ஒரு வருகையில் காணும் வாய்ப்பு பாதிக்குக் கீழே இருக்கலாம். அந்த வாய்ப்பு 0.4 என்று வைத்துக்கொண்டால், 3 வருகையில் ஒரு முறையாவது காணும் வாய்ப்பு 0.78, 5 வருகையில் 0.92. ஆகவே ஒரே பருவத்துக்குள், ஒரு வாரத்துக்குள்ளாக, குறைந்தது 3 வருகை, முடிந்தால் 5. செடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதா, வருகைகளைக் கூட்டுவதா என்ற நெருக்கடி வந்தால், தூறு வகையில் வருகையைக் கூட்டுங்கள். கிண்ண வகையில் ஒவ்வொரு வருகையும் தொந்தரவு என்பதால், தண்ணீர் எடுப்பது ஒரு முறை, மற்றவை எல்லாம் கண்ணால் மட்டும். பார்வையாளர் யார், எத்தனை நிமிடம், காற்று, வெப்பம் ஒவ்வொரு வருகைக்கும் தனியாக எழுதப்பட வேண்டும். ஒருவர் கண்ணுக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது என்பது கணக்கில் சேர வேண்டிய விஷயம்.

கடும் வறட்சியில் மக்கம்பிராவின் முள்ளைத் தீயிட்டுக் கருக்கி ஆடுமாட்டுக்குப் போடும் வழக்கம் காட்டிங்காவில் உண்டு. எரிந்த தூற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாமல், எரிந்த நாளோடு தொடர்ந்து பாருங்கள். எது முதலில் திரும்புகிறது, காய்ந்த அடுக்கு எப்போது மீண்டும் சேர்கிறது என்ற தகவல் எரியாத தூறுகளிலிருந்து கிடைக்காது.

படங்களைப் பொதுத் தளங்களில் ஏற்றும்போது சரியான இடப்புள்ளியை மறைத்து, மாவட்ட அளவில் மட்டும் காட்டுங்கள். அழகுச் செடியாக விற்க ஆல்கன்டாரியாவைப் பிடுங்குபவர்களும் வளர்ப்பு விலங்கு வியாபாரிகளும் அதே வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள். முழுப் புள்ளிகளையும் அனுமதி வழங்கிய அமைப்புக்கான அறிக்கையில் மட்டும் கொடுத்தால் போதும்.